செல்போனே எடுத்துவிடுமாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், செவ்வாயில் நின்று வால்நட்சத்திரத்தைப் படம் பிடித்த கதையைப் போட்டிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தேன், கடைசி வரி வரும் வரைக்கும். ‘இந்த மங்கல் படத்தைவிட நம் செல்போனே நன்றாக எடுத்துவிடும்’ என்று முடித்திருக்கிறார் உங்கள் ஆள். வாயில் வைத்த காப்பி இறங்கவில்லை.

2014 அக்டோபர் 19 அன்று சைடிங் ஸ்பிரிங் வால்நட்சத்திரம் செவ்வாயை ஏறக்குறைய 1,40,000 கிலோமீட்டரில் கடந்தது. நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? 90 நாள் ஓடினால் போதும் என்று நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி வண்டி, 2004-ல் இறங்கியது, பத்து வருஷம் கழித்தும் என்டெவர் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, விடியுமுன்னே 50 நொடி கேமராவைத் திறந்து வைத்து எடுத்த படம் அது. பாறையையும் மண்ணையும் பார்க்கப் போன கேமரா! கீறலும் புள்ளியுமாகத் தெரிவது பழுது இல்லை ஐயா. அங்கே காற்று மெல்லிசு, பூமிக்கு உள்ளதுபோல் காந்தக் காப்பும் கிடையாது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அண்டக்கதிர்கள் வந்து சென்சாரில் மோதிய தடம் அது.

50 நொடி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 1997-ல் ஹேல்-பாப் வந்தபோது, அம்பாசமுத்திரத்தில் மலை மறைக்குமே என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு சேரன்மகாதேவி பக்கம் போனேன். பிசான அறுப்பு முடிந்த வயல், காலில் தாள் குத்துகிறது, கேபிள் ரிலீஸை அமுக்கிக்கொண்டு வாய்க்குள்ளேயே எண்ணுகிறேன். கழுவிப் பார்த்தால் முதல் ரோல் முழுக்க நட்சத்திரமெல்லாம் சீரகம் மாதிரி நீண்டு கிடந்தது. நொடியைக் குறைத்து இரண்டாம் ரோலில்தான் ஒன்று தேறியது. தேறிய அந்த ஒன்றை, புத்திகெட்டுப் போய், நெகட்டிவோடு உங்களுக்குத்தான் அனுப்பினேன். படம் வந்தது, பெயர் வரவில்லை. நெகட்டிவும் வரவில்லை.

அப்புறம் 2010 ஜனவரி 15, கங்கண கிரகணம். தென்கோடியில் நாங்கள் வளையத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மறுநாள் நம்ம நெல்லைப் பதிப்பில் நீங்கள் போட்டது சென்னையில் தெரிந்த பிறையை. அதையும் பொறுத்துக்கொண்டுதான் இன்றுவரை சந்தா கட்டுகிறேன்.

இப்போது கட்டுரைக்கு மேலே நான்கு பத்தி அகலத்துக்கு, சிவப்பு மண்ணும் நீல வாலுமாக ஜொலிக்கிறதே, அது போட்டோவே இல்லை, யாரோ வரைந்தது. நிஜப் படம் தபால்தலை அளவில் கீழ் மூலையில் கிடக்கிறது. அதைத்தான் மங்கல் என்கிறார்!

அடுத்த வாரம் ‘மேலே இருந்தது ஓவியம்’ என்று ஒரே ஒரு வரி போடுங்கள், போதும். பழைய பீரோ எதையாவது ஒழிக்கும்போது பழுப்புக் கவரில் ஒரு நெகட்டிவ் அகப்பட்டால், தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒரு வாசகன்,
அம்பாசமுத்திரம்