தண்ணீர் போக வழி விடுங்கள்: மூடிய கிளைப்பாதையின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பதிவேட்டில் 'போக்குவரத்து நிறுத்தப்பட்டது' என்று ஒற்றை வரியாக இருக்கும் கிளை ரயில்பாதையில், சனிக்கிழமைதோறும் மண்வெட்டியோடு இறங்கி வேலை செய்துவந்த தன்னார்வலர்களில் நானும் ஒருவன். 'செய்துவந்த' என்று எழுதுவதன் காரணம் உங்களுக்கே தெரியும். இரண்டு பருவங்களுக்கு நீங்கள் தந்திருந்த தற்காலிக அனுமதி முடிந்துவிட்டது. நீட்டித்துத் தரக் கேட்டோம். பாதையின் எதிர்காலம் பற்றிய கொள்கை முடிவு நிலுவையில் இருப்பதால் அதுவரை யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று பதில் வந்தது.

முடிவெடுக்க வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதையை எங்களிடம் குத்தகைக்கு விடுவதா, நீங்களே நடத்துவதா, அப்படியே வைத்திருப்பதா என்பதெல்லாம் பெரிய கணக்கு. அதில் உங்களை அவசரப்படுத்த நான் யார்? நான் கேட்பது அதைவிடச் சின்னது. முடிவு வரும்வரைக்கும் பக்கவாட்டு வாய்க்கால்களைத் தூர்வாரவும், கரைக்கு அடியில் தண்ணீரைக் கடத்திவிடும் மதகுகளைத் திறந்துவைக்கவும் எங்களை விடுங்கள். கோப்பு காத்திருக்கும். மழை காத்திருக்காது.

மூடிய பாதையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கை நீட்டுவது தண்டவாளத்துத் துருவைத்தான். 'அடடா, இப்படியாகிவிட்டதே' என்பார்கள். மேல்துரு ஒரு பொருட்டே இல்லை. நாலு வண்டி ஓடினால் தானே தேய்ந்து பளபளக்கும். பாதையை உள்ளிருந்து தின்பது, போக வழியில்லாமல் நிற்கிற தண்ணீர்.

ஜல்லி எதற்குப் போடுகிறோம் என்று உங்கள் பொறியாளர்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனால் இது திறந்த மடல், மற்றவர்களும் படிப்பார்கள். வண்டியின் பாரத்தைப் பரப்பி மண்ணில் இறக்குவது ஜல்லியின் ஒரு வேலை. மழைநீரைத் தேக்காமல் கீழே வடியவிடுவது இன்னொரு வேலை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால்தான் இரண்டாவது நடக்கும். யாரும் கிளறாமல் வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் இலை விழுந்து மக்கி, தூசி இறங்கி அந்த வெற்றிடம் அடைந்துபோகிறது. அப்புறம் அது ஜல்லி இல்லை, ஊறின பஞ்சு. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை, அதாவது ஸ்லீப்பர், அதில்தான் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் கட்டை நன்றாகவே இருக்கும். முதலில் போவது அடிப்பக்கமும், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் ஆணி இறங்கிய ஓட்டையும்தான்.

முதல் பருவத்தில் ஒரு வளைவில் குனிந்து ஓர் ஆணியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கடப்பாரைக்கு வேலையே இல்லை. ஆடுகிற பால்பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அது நின்ற ஓட்டைக்குள் கறுப்பாகக் குழைசேறு. பக்கத்து ஆணியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அப்போதே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். ஆர்வக்கோளாறு. அந்த வளைவை அன்றைக்கே சுத்தமாக்கிக் காட்டுகிறோம் என்று புல்லையெல்லாம் வேரோடு பெயர்த்தெறிந்தோம். படம்கூட எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரம் வெயில் காய்ந்தபின் கேஜ் வைத்து அளந்தால், தண்டவாளங்களுக்கு நடுவே அகலம் கூடியிருந்தது. வெயிலில் இரும்பு நீள்கிறது, வளைவில் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. பிடித்துவைக்க ஆணி இல்லை. கொஞ்சநஞ்சம் பிடித்துவைத்திருந்த புல்லையும் நாங்களே பிடுங்கிப்போட்டிருந்தோம். இந்தத் தப்பை நாங்களே உங்களுக்கு எழுதித் தெரிவித்தோம் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கும் இதே பாடம்தான். வேல்ஸ் நாட்டின் தாலிலின் ரயில்வே, உலகிலேயே முதன்முதலாகத் தன்னார்வலர்கள் காப்பாற்றிய பாதை. அதன் உரிமையாளர் 1950-ல் இறந்துபோக, அதே வருஷம் அக்டோபரில் ஆர்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 1951 மே 14-ல் அவர்கள் கையில் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளங்களையும் புல்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று பாதி வேடிக்கையாகவும் பாதி பயந்துகொண்டும் சொல்வார்களாம். ஏற்கெனவே மூடிப்போயிருந்த கோரிஸ் பாதையிலிருந்து தலா 25 பவுண்டுக்கு இரண்டு எஞ்சின் வாங்கினார்கள். அதில் ஒன்றை ஓட்டிப் பார்த்தால் அடிக்கடி தடம் இறங்கியது. எஞ்சினில் கோளாறு தேடி, கடைசியில் பாதையை அளந்தார்கள். 2 அடி 3 அங்குலம் இருக்க வேண்டிய அகலம் ஏறக்குறைய அரை அங்குலம் கூடுதலாக இருந்தது. அது பழைய நிர்வாகமே வேண்டுமென்று கூட்டிவைத்த அகலமாம். ஆனாலும் புல் பிடித்துவைத்திருந்த நலிந்த பாதையில்தான் அவர்கள் தொடங்கினார்கள். நம் கிளைப்பாதை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஒன்றிரண்டு வளைவுகளைத் தவிர.

இனி மதகு. இந்த மடலே அதற்காகத்தான்.

பாதை உயரமான மண்கரைமேல் போகும் இடம் ஒன்று உண்டு. அதன் மேல்பக்கத்தில் குட்டை மாதிரித் தண்ணீர் நின்றது; கோரை முளைத்து, தவளை குடியேறி, பார்க்க அழகாகக்கூட இருந்தது. கீழ்ப்பக்கம் ஓடை காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் நடுவில் எங்கோ ஒரு மதகு அடைபட்டிருக்கிறது. ரயில் கரை அணைக்கட்டு இல்லையே! தண்ணீரைத் தாங்கி நிற்கக் கட்டிய மண் இல்லை அது. தேங்கிய நீர் மெல்ல உள்ளே ஊறும், ஊறிய மண் கனத்துக் கீழ்ப்பக்கமாகச் சரியும். இல்லையென்றால் ஒரு பெருமழையில் நீர் கரையைத் தாண்டி வழிந்து, மண்ணை மட்டும் அரித்துக்கொண்டு போய்விடும். தண்டவாளமும் கட்டைகளும் ஏணியைப் படுக்கப்போட்டதுபோல அந்தரத்தில் தொங்கும்.

மதகு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கரையின் அடியோரமாக இரும்புக் கம்பியைக் குத்திக் குத்தித் தேடினோம். மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் கம்பி 'ணங்' என்றது. தோண்டினால் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வளைவு. உள்ளே கை நுழையாதபடி வேர்கள் பின்னிப் பாய்போல அடைத்திருந்தன. நின்ற நீர் சட்டென்று இறங்கினால் ஊறிய கரை சரியும், கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள் என்று உங்கள் பொறியாளர் ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்றும் நன்றி. ஒருவரும் வளைவுக்கு நேர் எதிரே நிற்காமல், பக்கத்தில் நின்றுகொண்டு கொக்கியால் வேரைத் துண்டு துண்டாக இழுத்தோம். முதலில் கறுப்பாக, நாற்றத்தோடு ஒரு கசிவு. அப்புறம் விரல் கனத்தில் ஓட்டம். அடுத்த வாரம் வந்து பார்த்தபோது குட்டை பாதி இறங்கி, சுற்றிலும் சேற்றுக்கோடு தெரிந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. கட்டியவர்கள் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அப்படி மொத்தம் நான்கு மதகு திறந்தோம். ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது அனுமதி முடிந்தது. திறந்த நான்கும் மறுபடி அடைந்துகொண்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு இலையுதிர் பருவம் போதும்.

மண் சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பஃபிங் பில்லி பாதையே சாட்சி. 1953-ல் ஒரு மண்சரிவு அந்தப் பாதையை அடைத்தது, மறுவருஷமே மூடிவிட்டார்கள். ஆர்வலர்கள் சங்கம் சேர்ந்து, சரிவைச் சுற்றிப் பாதை போட்டு மறுபடி ரயில் விட 1962 ஆயிற்று. பாதையின் கடைசி நிலையம்வரை போய்ச் சேர்ந்தது 1998-ல். ஒரு சரிவு, நாற்பது வருஷத்துக்கு மேல்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதையின் கடைசிப் பகுதியில் ஒரு சின்னத் துண்டை விற்கும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டோம். வதந்தியாக இருந்தால் மகிழ்ச்சி. தண்டவாளம் போனால்கூடத் திரும்பப் போடலாம். நிலம் அறுந்தால் பாதை செத்தது. வேல்ஸிலேயே உள்ள வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வேயில் 1937-க்குப் பிறகு வண்டி ஓடவில்லை, 1941-ல் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். நிலம் மட்டும் சிதறாமல் இருந்தது. 1997-ல் வேலை தொடங்கி 2011-லிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் முழுவதும் ரயில் ஓடுகிறது. இங்கிலாந்தின் புளூபெல் பாதையில் கதை வேறு. 1958-ல் மூடிய அந்தப் பாதையில் ஒரு பகுதியை ஆர்வலர்கள் 1960-லேயே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வடக்கே இம்பர்ஹோர்ன் என்ற இடத்தில் மண்ணை வெட்டிப் பாதை போட்டிருந்த பள்ளத்தைக் குப்பைக்கிடங்காக்கி மேடாக நிரப்பிவிட்டார்கள். பிற்பாடு அந்தக் குப்பையைத் தோண்டி எடுத்து, வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டுபோய்த்தான் பாதையைத் திறக்க முடிந்தது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நிலையத்துக்கு ரயில் மறுபடி போனது 2013-ல். பள்ளம் சும்மா கிடக்கிறதே என்று கொட்டியவர்கள் யாரும் அந்தச் செலவில் ஒரு காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் தயக்கமும் எனக்குப் புரிகிறது. உங்கள் நிலத்தில் ஒருவர் காலை உடைத்துக்கொண்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு: பழைய எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கேட்டால் வரிசை கட்டுவார்கள், வாய்க்கால் வெட்ட என்றால் முதுகுவலி வந்துவிடும். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். எங்கள் குழுவிலும் முதல் மாதம் வந்தவர்களில் பாதிப்பேர்தான் மிச்சம். ஆனால் மிச்சமிருப்பவர்கள் சேற்றில் நின்றவர்கள்.

ஆகவே எஞ்சின் பேச்சே இப்போது வேண்டாம். பாய்லர் சோதனை, அழுத்தச் சான்று எல்லாம் பத்து வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். தள்ளுவண்டியைக்கூடத் தண்டவாளத்தில் ஏற்ற மாட்டோம். பாலங்களின் மேல் கால் வைக்க மாட்டோம். வாய்க்கால், மதகு, கரையில் முளைத்த கன்றுகள், இவ்வளவுதான். கன்றுகளையும் தரையோடு ஒட்ட அறுப்போம், வேரைப் பிடுங்க மாட்டோம்; சூடு கண்ட பூனைகள் நாங்கள். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் அந்த வேலையும் இல்லை. காப்பீடு எங்கள் பொறுப்பு. வருபவர் பெயர், வந்த நேரம், போன நேரம் பதிவேட்டில் இருக்கும். உங்கள் ஆள் யாராவது எந்தச் சனிக்கிழமையும் வந்து 'நிறுத்து' என்றால் நிறுத்திவிட்டுப் போகிறோம், காரணம்கூடக் கேட்க மாட்டோம். இந்த வேலையைச் செய்ததால் பாதைமேல் எங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். நாளைக்கே நீங்கள் பாதை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், சரியாத கரையாக அது உங்கள் கையில் இருக்கும். சரிந்த கரைக்குக் கீழே வயலோ சாலையோ இருந்தால் அப்போது வரும் கேள்வி இப்போதையதைவிடப் பெரிது.

இன்னொன்று கேட்க வேண்டும். இதற்கு அனுமதிகூட வேண்டாம், ஓர் அலமாரிச் சாவி போதும்.

பழைய காகிதங்களுக்கு என்ன மதிப்பு என்பதற்கு ரயில் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. வேல்ஸின் ஃபெஸ்டினியாக் பாதை 1946-ல் நின்றபோது தண்டவாளத்தைக் கழற்றாமல் விட்டதற்குக் காரணம் யாருடைய கருணையும் இல்லை. அதை அமைக்க 1832-ல் போட்ட சட்டத்தில் மூடுவதற்கு வழிவகையே எழுதப்படவில்லை. புளூபெல் பாதையை முதலில் 1955-ல் மூடினார்கள். மேட்ஜ் பெஸ்ஸமர் என்ற பெண்மணி பழைய சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, தினமும் நான்கு ரயில் விட்டே ஆக வேண்டும் என்ற ஷரத்தைக் கண்டுபிடித்தார். 1956-ல் வேண்டாவெறுப்பாக மறுபடி ரயில் விட வேண்டியதாயிற்று. நான் அப்படி எந்த ஷரத்தையும் தேடவில்லை, பயப்பட வேண்டாம்.

எனக்கு வேண்டியது மதகுகளின் வரைபடம். எந்தக் கிலோமீட்டரில், எந்த அளவில், எந்தப் பக்கம் சரிவாக எத்தனை மதகு என்று பாதை போட்டபோதே குறித்துவைத்திருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கேங்மேன்கள் ஒவ்வொரு மழைக்கும் முன்னால் தூர்வாரியிருப்பார்கள். நாங்கள் ஒன்றைக் கண்டுபிடிக்க மூன்று சனிக்கிழமை கம்பியால் குத்தினோம். அந்த வரைபடத்தின் ஒரு நகல் மழைக்கு முன் கிடைத்தால், ஐந்தாவது மதகிலிருந்து நேரே தொடங்கிவிடுவோம். நகலெடுக்கும் செலவு எங்களுடையது. அலுவலகத்துக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளைப்பாதைத் தன்னார்வலர்களில் ஒருவன்