செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வரும் வன்முறையைப் பார்த்து எண்ணிய நம் ஆய்வுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதே இந்த ஆண்டு எனக்கு முதல் கடமை.

முதல் வாரமே திண்டாடிப்போனோம். ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த இருவர் இரண்டு கணக்கோடு வந்தார்கள். கார்ட்டூன் பூனையின் தலையில் விழுந்த சுத்தியலை ஒருவர் எண்ணியிருந்தார். சிரிப்புக் காட்சிதானே என்று மற்றவர் விட்டுவிட்டார். அமெரிக்காவில் 1960களின் இறுதியிலேயே இப்படிக் கணக்கெடுக்கத் தொடங்கிய ஜார்ஜ் கெர்ப்னரின் குழு, சிரிக்கவைக்க அடித்தாலும் அதை வன்முறையாகவே எண்ணியது. நாமும் அதையே ஏற்றோம். அதுவரை எழுதியதை ஒதுக்கிவிட்டு, முகம் சுளிக்காமல் மீண்டும் முதலிலிருந்து உட்கார்ந்த தொண்டர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

குறிப்பேட்டில் 'அடிபட்டவருக்கு என்ன ஆயிற்று?' என்ற பத்தியைச் சேர்க்கச் சொன்னவர், ஓய்வுபெற்ற செவிலியரான நம் உறுப்பினர். ஓரிடத்தில் அவர் எழுதியிருக்கிறார்: "இந்த அடிக்குத் தாடை உடைந்திருக்கும். அடுத்த காட்சியில் சாப்பிடுகிறார்." இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் வரி இது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை நடந்த தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வும் அடியை மட்டும் எண்ணாமல், வலி காட்டப்பட்டதா, அடித்தவர் தண்டிக்கப்பட்டாரா என்றும் பார்த்தது. அதன் முதலாண்டு அறிக்கையின்படி, வன்முறைக் காட்சிகளில் 73 சதவீதத்தில் தண்டனையே இல்லை.

'பார்த்தால் மட்டும் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களா?' என்று நம்மைக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாம் திரையைத்தான் எண்ணினோம், பிள்ளைகளை அளக்கவில்லை. அதற்குப் பல்லாண்டுப் பொறுமை வேண்டும். அமெரிக்க உளவியலாளர் லெனார்ட் ஈரனின் குழு 1960இல் எட்டு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கி, பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிச் சென்றது. சிறு வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை விரும்பிய பையன்களிடம் பின்னாளில் மூர்க்கம் கூடுதலாக இருந்ததை அது கண்டது.

பதிவு செய்து தந்த இளைஞர்களுக்கும், கூட்டல் கணக்கை இருமுறை சரிபார்த்த ஆசிரியருக்கும், இரவில் வரவேற்பறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கும் நன்றி. ஒரு வீட்டில், கதவோரம் நின்ற சிறுவன் சண்டை தொடங்கியதும் கண்களை அல்ல, காதுகளைப் பொத்திக்கொண்டான். சத்தத்துக்கு நாம் பத்தியே ஒதுக்கவில்லை. வரும் ஆண்டு அதைச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்த அறிக்கையையும் நன்றித் தீர்மானத்தையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்