ஒரு காதைத்தான் பொத்த முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். மதம் மனிதனுக்குச் சுயகட்டுப்பாட்டைப் பழக்குகிறது, அதனால்தான் நம் சமூகம் மிதமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மறுப்பில்லை. ஆனால் முடிக்கும்போது, திருவிழாக் காலத்துச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதும் சகிப்புத்தன்மைதான் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டீர்கள். அந்தக் 'கொஞ்சம்' எந்த ஊரில் கிடைக்கிறது என்று தெரிவித்தால் அங்கே வாடகைக்கு வீடு பார்க்க வசதியாக இருக்கும்.

நான் அரசு மருத்துவமனையில் 34 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்குக் கிழக்கே அம்மன் கோயில், பின்தெருவில் பள்ளிவாசல், நாலு வீடு தள்ளி ஒரு ஜெபவீடு. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கை வராது, பேச்சு குழறும். ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் பிரஷர் எகிறிவிடும். இந்த ஆடி முதல் வெள்ளியன்று விடியற்காலை நாலரைக்கு, எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே மின்கம்பத்தில் கட்டியிருந்த குழாய் அலற ஆரம்பித்தது. நான் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோது அவர் இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். இன்னொரு காதைப் பொத்தக் கை இல்லை. நான்தான் பொத்தினேன், ஆறரை வரைக்கும்.

மறுநாள் விழாக் கமிட்டிக்காரர்களைப் பார்க்கப் போனேன். பேரன் வயதுப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். "அம்மா, நீங்க முதல்ல பள்ளிவாசல்ல போய்ச் சொல்லுங்க, அவங்க குறைக்கட்டும், நாங்களும் குறைக்கிறோம்" என்றான். சரி என்று அங்கேயும் போனேன். ஜமாத்துப் பெரியவர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, மறுநாளே சத்தத்தைக் குறைத்தார். ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் பழையபடி. கேட்டால், "கோயில்ல ரெண்டு குழாய் கூடக் கட்டிட்டாங்களேம்மா, நம்ம பசங்க கேக்க மாட்டேங்கிறாங்க" என்கிறார். ஜெபவீட்டில் வெள்ளி ராத்திரி முழுக்க உபவாச ஜெபம். உபவாசம் என்றால் வயிற்றைக் காயப்போடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போதகர் என்னைப் பார்த்ததும் என் கணவருக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். அதையும் மைக்கிலேயே செய்தார்.

தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் ஒன்று நடந்தது. உங்கள் நிருபர் வந்து போட்டோ எடுத்தார், மறுநாள் மூன்று பத்திக்குச் செய்தி போட்டீர்கள். ஒருவர் விழாவை ஒருவர் மதித்துப் பொறுத்துக்கொள்வதாக மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டார்களாம். அவர்களுக்கென்ன, அவரவர் குழாய்க்கு அடியில் அடுத்தவர் சத்தம் கேட்கவா போகிறது? நிஜமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய எங்கள் தெருவிலிருந்து ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

தலையங்கத்தைச் சொல்லி என்ன? உங்கள் இணைப்பிதழே அப்படித்தான் இருக்கிறது. போன கார்த்திகையில் 'விரத ஸ்பெஷல்' என்று 21 வகைப் பலகாரங்களுக்குச் செய்முறை போட்டிருந்தீர்கள். இருபத்தொரு வகை செய்து சாப்பிடுகிறவனுக்கு விரதம் எதற்கு? ஆடி இணைப்பில் பக்திக் கட்டுரை ஒன்றரைப் பக்கம், நகைக்கடை விளம்பரம் பதினாலு பக்கம். எண்ணித்தான் சொல்கிறேன். அதைப் பற்றி அப்போதே எழுதினேன். என் நாலு பக்கக் கடிதம், 'ஆடி இணைப்பிதழில் பக்தி மணம் கமழ்ந்தது' என்று ஒரே வரியாக என் பெயரில் வந்திருந்தது. மணம் என்று நான் எழுதவே இல்லை.

விரதம் என்றால் எனக்கு என் அப்பாதான் நினைவுக்கு வருவார். நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுவார், 41 நாள், விடிவதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரில் குளியல். மாலை போடுவதற்கு முதல் நாள் தவறாமல் ஒரு வேலை செய்வார். ஏணி வைத்து ஏறிக் கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விடுவார். பக்கத்து வீட்டு பாய் லாரி ஓட்டுகிறவர், ராத்திரி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வந்து படுப்பார். ராட்டினம் கிரீச்சிட்டால் அவர் தூக்கம் கெடும். கயிற்றைக்கூட அப்பா மெதுவாகத்தான் இழுப்பார். சரண கோஷம் வாய்க்குள்ளேயே. இதையெல்லாம் மத நல்லிணக்கம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த வார்த்தை அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். பாய்க்கும் அந்த எண்ணெய் விஷயம் கடைசிவரை தெரியாது.

எங்கள் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல. வள்ளலார் 1867-ல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. கொஞ்ச தூரத்தில் சத்திய ஞான சபை. கொலை புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று அதன் வாசலில் எழுதியிருக்கிறது. கறி தின்னக் கூடாது என்பதில் அவ்வளவு கறாரான மனிதர், அந்தக் கறாரைத் தன் சபை வாசலோடு நிறுத்திக்கொண்டார். சோற்றுக்கு வருகிறவரிடம் நேற்று என்ன தின்றாய் என்று தருமச்சாலையில் கேட்கும் வழக்கம் இல்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு தைப்பூசத்துக்கு அம்மா கூட்டிக்கொண்டு போனாள். பந்தியில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கருவாட்டுக்காரம்மா, வெறும் கூடையை முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தது. வாடை வரத்தான் செய்தது. நான் மூக்கைச் சுளித்ததற்கு அம்மா தொடையில் கிள்ளினாள். பரிமாறியவர் அந்தம்மாவுக்கு இரண்டாம் தடவையும் கேட்டுப் போட்டார். இப்போது வள்ளலார் பெயரைச் சொல்லியே தைப்பூசத்தன்று கறிக்கடைகளைப் பூட்ட உத்தரவு போடுகிறார்கள். நான் சைவம்தான், ஆனாலும் அந்த உத்தரவைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கூடைதான் கண்ணில் வருகிறது.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பானது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதிகாலையில் தூங்கும் வயதானவர்கள், நோயாளிகள், படிக்கிற பிள்ளைகள் என்று எங்களையெல்லாம்கூட நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதே வருடம் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. அரசு மனது வைத்தால் வருடத்தில் 15 நாள் வரை, அதுவும் நள்ளிரவு 12 வரைக்கும்தான் தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபல்தான் அளவு. என் பேத்தி செல்போனில் அளந்தபோது எங்கள் படுக்கையறையில் 82 காட்டியது. ஸ்டேஷனில் போய் இதைச் சொன்னேன். "சாமி விஷயம்மா, நீங்க எழுதிக் கொடுங்க, பாக்கலாம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே விழாக் கமிட்டிப் பையன் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏம்மா ஸ்டேஷனுக்கெல்லாம் போறீங்க?" என்று வருத்தப்பட்டான். அவன் கையில் இருந்தது என் மனு.

தங்களைக் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளூர்ப் பக்கத்தில் தினமும் 'இன்றைய விழாக்கள்' என்று கட்டம் போடுகிறீர்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் சரி, அந்தக் கட்டத்துக்குக் கீழே 'இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நகைக்கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை எழுதும்போது மத்தியானம் இரண்டு மணி. அவர் தூங்குகிறார். எங்கள் தெருவில் இப்போதெல்லாம் இந்த நேரம்தான் ராத்திரி.

இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள், தெரியும். கருவாட்டுக்காரம்மாவை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், தங்கள் 19 வருடச் சந்தாதாரர்,
கடலூர் மாவட்டம்.