லாக்அவுட் சரியாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி

வணக்கம்.

கடைசியாக ஒருமுறை சற்று முன்புதான் சோதித்துப் பார்த்தோம். வெளியேறிய பிறகு பழைய டோக்கனை (லாகின் செய்தவருக்கு சர்வர் தரும் அடையாளச் சீட்டு) கொண்டுபோனால் சர்வர் 401, அதாவது 'அடையாளம் செல்லாது', என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறது. இத்தனை நாள் எரிச்சலூட்டிய அதே 401-ஐப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவே இல்லை. லாக்அவுட் கோரிக்கையை சர்வர் ஏற்காமல் 401 என்று திருப்பியதால், வெளியேறியவரின் டோக்கன் செல்லுபடியாகவே இருந்தது, அதுதான் சிக்கல். யாருக்கு என்ன சிரமம் என்பதையெல்லாம் திரும்பக் கிளறப் போவதில்லை. தூக்கம் கண்ணைச் சொக்குகிறது. ஆனாலும் தூங்கி எழுந்து எழுதினால் இது வெறும் அலுவலகக் கடிதமாகிவிடும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி சப்போர்ட்டில் இருக்கும் ஒருவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோடு எழுதுவது அவர் வேலையே இல்லை. எழுதுகிற நாங்களோ அன்று கோர்ஸ் (CORS, ஒரு பக்கம் வேறொரு முகவரியில் இருக்கும் சர்வரின் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி) பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். பிரவுசர் கன்சோலில் சிவப்பாக வந்தது கோர்ஸ் பிழை. போஸ்ட்மேனில் (கோரிக்கைகளை நேரடியாக அனுப்பிச் சோதிக்கும் கருவி) அதே லாக்அவுட்டை நாங்களே கையால் அமைத்து அனுப்பினால் ஒழுங்காகப் போகிறது, பிரவுசரில்தான் போகவில்லை. அப்படியென்றால் கோர்ஸ்தான், வேறென்ன? அனுமதி உண்டா என்று கேட்டு பிரவுசர் முன்கூட்டி அனுப்பும் ஆப்ஷன்ஸ் கோரிக்கையில் டோக்கன் வராது, அதனிடம் போய் டோக்கன் கேட்கக் கூடாது என்று ஆளாளுக்கு மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தோம். பார்த்தால் அந்த இடம் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. டெஸ்ட் கணக்கில் நுழைந்து, பிரவுசரின் நெட்வொர்க் டேபில் இரண்டு கோரிக்கைகளை கர்ல் வடிவத்தில் (கோரிக்கையை அப்படியே எழுத்தில் காட்டும் கட்டளையாக) நகலெடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தார். மேலே, சுயவிவரத்தைக் கேட்கும் கெட் கோரிக்கை. அது எப்போதும் வேலை செய்கிறது. கீழே, லாக்அவுட்டுக்கான போஸ்ட் (தரவு அனுப்பும் வகைக் கோரிக்கை). இரண்டிலும் டோக்கனுக்கு முன்னால் வரும் 'பேரர்' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டு, டோக்கனை நட்சத்திரக் குறிகளால் மறைத்திருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: "மேல இருக்கிறதுல நட்சத்திரம் ஹெட்டர் வரியில இருக்கு. கீழ இருக்கிறதுல டேட்டாவுக்குள்ள இருக்கு. இது இப்படித்தான் இருக்கணுமா சார்?"

இருக்கக் கூடாது. கோரிக்கைகளை அனுப்ப நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரியான ஆக்ஸியோஸில் கெட் அழைப்புக்கு முகவரியை அடுத்து வருவது கான்ஃபிக் (அமைப்புகள்), ஹெட்டர்கள் (கோரிக்கையோடு போகும் மேலுறைக் குறிப்புகள்) அதற்குள் போகும். போஸ்ட்டில் அந்த இரண்டாவது இடம் பாடிக்கு, அதாவது அனுப்பும் தரவுக்கு, உரியது, கான்ஃபிக் மூன்றாவதாகத்தான் வரும். லாக்அவுட்டுக்கு அனுப்ப வேண்டிய தரவு எதுவும் இல்லை என்பதால் பாடியை யாரும் எழுதவில்லை. காலியான அந்த இடத்தில் ஹெட்டர் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக டோக்கன் சர்வருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாடிக்குள். சர்வர், டோக்கன் இருக்க வேண்டிய ஆத்தரைசேஷன் ஹெட்டரைத் தேடிவிட்டு, இல்லையென்று 401 அனுப்பியது. அந்த 401 பதிலில் கோர்ஸ் ஹெட்டர்கள் சேராததால், உள்ளே இருப்பதைக் காட்டாமல் பிரவுசர் கோர்ஸ் என்று மட்டும் புகார் சொன்னது. லைப்ரரியைக் குறை சொல்ல முடியாது, அதன் ஆவணத்தில் வரிசை தெளிவாகவே இருக்கிறது. நடுவில் ஒரு காலி பாடியைச் சேர்த்தோம், கோரிக்கை போய்விட்டது.

அவர் செய்த பெரிய உதவி அந்தக் கேள்விகூட இல்லை, அந்த நட்சத்திரங்கள். டெஸ்ட் கணக்குதானே என்று விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பேரர் டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் சர்வர் பயனராக எடுத்துக்கொள்ளும், வேறு அடையாளம் கேட்காது. அது தெரிந்து, பொறுமையாக மறைத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான், "அப்போ நம்ம லாக்ல?" என்று கேட்டார். எங்கள் சர்வர் லாக் (வந்த கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவு) ஆத்தரைசேஷன் ஹெட்டரை மறைக்கும், பாடியை அப்படியே எழுதும். அதாவது ஒவ்வொரு லாக்அவுட் முயற்சியும் உயிரோடு இருக்கும் ஒரு டோக்கனை லாக் கோப்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தச் செய்தி மட்டும் வராமல் இருந்திருந்தால், காலி பாடியைச் சேர்த்த கையோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

அன்றிரவே லாக் கோப்புகளைத் துப்புரவாக்கியவர்கள், டோக்கன்களில் கையொப்பமிடும் சைனிங் கீயை மாற்றி பழைய டோக்கன்களைச் செல்லாமல் செய்தவர்கள், பிழைப் பதில்களிலும் கோர்ஸ் ஹெட்டர் வரும்படி செய்தவர், எல்லாருக்கும் நன்றி. கீ மாறியதால் செய்துகொண்டிருந்த வேலை நடுவில் நின்று, மறுபடி லாகின் செய்ய நேர்ந்த பயனர்களே, நீங்கள் திட்டாமல் பொறுத்துக்கொண்டது பெரிய விஷயம். (சிலர் திட்டினீர்கள். அதுவும் நியாயம்தான்.) காலாவதியான டோக்கனோடு வருகிறவரை லாக்அவுட்டில் 401 என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று விடாமல் வாதாடிய நண்பருக்குத் தனி நன்றி. டோக்கன் ரத்து பற்றி 2013-இல் வந்த ஆர்எஃப்சி 7009 என்ற இணையத் தரநிலை ஆவணத்தை எடுத்துக் காட்டினார். ஏற்கெனவே செல்லாத டோக்கனை ரத்து செய்யச் சொன்னாலும் 200, அதாவது 'சரி', என்றே பதில் தரச் சொல்கிறது அது. போக விரும்புகிறவரை எதற்காகத் தடுக்க வேண்டும்?

இவ்வளவு நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சர்வர் என்ன பதில் சொன்னாலும் எங்கள் திரை தன்னிடமிருந்த டோக்கனை அழித்துவிட்டு லாகின் பக்கத்தைக் காட்டிவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்த மாதிரித்தான் தெரியும். குடியிருந்தவர் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டார், பூட்டு அப்படியே இருக்கிறது, இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. அதுவும் ஜேடபிள்யூடி (JWT, விவரங்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கையொப்பமிட்ட டோக்கன்) என்றால், காலாவதி நேரம் உள்ளேயே எழுதியிருக்கும். ரத்துப் பட்டியல் என்று ஒன்றை சர்வர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பார்த்தால் ஒழிய, அந்த நேரம் வரைக்கும் அது செல்லும். அப்படி ஒரு பட்டியல் எங்களிடம் இருந்தது. 401-இல் முட்டித் திரும்பிய கோரிக்கை எதுவும் அந்தப் பட்டியல்வரை போய்ச் சேரவே இல்லை.

இனிமேல் லாகின் பக்கம் வந்துவிட்டதா என்று பார்த்து லாக்அவுட் டெஸ்ட்டை முடிக்க மாட்டோம். வெளியேறியபின் பழைய அக்சஸ் டோக்கனை வைத்து ஒரு கோரிக்கை, புது அக்சஸ் டோக்கன் வாங்கப் பயன்படும் பழைய ரிஃப்ரெஷ் டோக்கனை வைத்து இன்னொன்று. இரண்டையும் சர்வர் மறுத்தால்தான் டெஸ்ட் தேறியது. அப்புறம், லாக்கில் பாடியை எழுதுவதையே நிறுத்திவிட்டோம். அது இல்லாமல் பிழை தேடுவது கொஞ்சம் கஷ்டம்தான், பரவாயில்லை.

இன்னும் யாருக்காவது வெளியேறுவதில் சிக்கல் இருந்தால் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்து பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கர்ல் நகலை சப்போர்ட்டுக்கு அனுப்புங்கள், டோக்கனை மறைத்துவிட்டு.