கண்தானம்: வீட்டாருக்குத் தெரிய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரையிலான கண்தான இருவாரத்தை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உறுதிமொழிப் படிவத்தை நிரப்பச் சொல்வதோடு அது நின்றுவிட்டது. படிவம் கொடுத்தவர் இறந்த பிறகு, சம்மதிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தானே?

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை இங்கே மாறியபோது கூடவே வந்தவர் தாத்தா. அப்பா ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் காய்கறிப் பையோடு யாருடைய பம்ப் ஸ்டவ்வாவது வீட்டுக்கு வரும், ரிப்பேருக்கு. ஓய்வு பெற்ற பிறகு திண்ணை முழுக்க மிக்ஸி, டேபிள் ஃபேன். காசு வாங்க மாட்டார். பொருளைப் பாழாக்கியவர்களுக்குத் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பேத்திகளையும் விடமாட்டார், பள்ளிக்கூடம் போகுமுன் சைக்கிள் பிரேக்கைப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது 82.

கண் வங்கியின் எண்ணைக் காலண்டர் அட்டையில் அவரே பெரிதாக எழுதி வைத்திருந்தார். வருகிற போகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். இருந்தும் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை, "அடுத்த ஜென்மத்தில் குருடனாப் பிறக்கணுமா?" என்று அழுதார். கண்புரை ஆபரேஷன் செய்த கண் எதற்கு ஆகும் என்றார் சித்தப்பா. அம்மாதான், "அவர் சொன்னது சொன்னதுதான், போனைப் போடு" என்றார்.

கண்புரை ஆபரேஷன் செய்திருந்தாலும், கண்ணாடி போட்டவராக இருந்தாலும் தடையில்லை, தேவைப்படுவது கருவிழிதான். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். இறப்பை உறுதி செய்து டாக்டர் தரும் சான்றும் வேண்டும், அதைப் பக்கத்துத் தெரு டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். வந்தவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அத்தைக்கு இன்னும் மனத்தாங்கல்தான். சரி, அது அவருடைய நம்பிக்கை. ஆனால் சாவு வீட்டுக் கூச்சலில் தலையணையும் ஈரப் பஞ்சும் யாருக்கு ஞாபகம் வரும்? இந்தக் குறிப்புகளை, உள்ளூர்க் கண் வங்கி எண்ணோடு, வெட்டிச் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பொன்மலை, திருச்சி.