டெம்ப்சி ரோட்டுக்கு ஒரு சனிக்கிழமை வாருங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"அந்த மாதிரி இடமெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதும்மா, சின்னப் பிள்ளைங்க நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். போனில் உங்களோடு பேசி நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. என் சிநேகிதிகள் வீடுகளிலும் இதே பதிலைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும் அப்பாக்களும் பெரியம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும்.

நான் கூப்பிட்ட இடம் பர்ன்ட் எண்ட்ஸ். நம் சிங்கப்பூரில் விறகு நெருப்பில் சமைக்கும் உணவகம். ஆளுக்கொரு தட்டு என்று வராது. ஒவ்வொன்றாக நடுவில் வைப்பார்கள், எல்லோரும் எடுத்துப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். 2013-ல் சைனாடவுன் பக்கம் டெக் லிம் ரோட்டில் ஒரு சின்னக் கடைவீட்டில் ஆரம்பித்தார்கள். 2018-ல், உணவகங்களைத் தரம் பார்த்துச் சொல்லும் மிஷலின் கையேட்டின் நட்சத்திரம் கிடைத்தது. அப்புறம் பெரிய இடம் பார்த்து டெம்ப்சி ரோட்டுக்கு மாறினார்கள்.

ஆமாம், உங்கள் டெம்ப்சி ரோடேதான். தேசிய சேவைக்குப் போன அன்று தாத்தா உங்களைக் கொண்டுவந்து விட்ட அதே மேடு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படையில் சேருகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பதிவு செய்த இடம் அங்கேதான் இருந்தது. அதற்கு நூறு வருடம் முன்பே பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகக் கட்டிய குடியிருப்புகள் அவை. அந்த நீளமான தாழ்வாரங்களும் ஓட்டுக்கூரைகளும் இப்போதும் நிற்கின்றன, சித்தப்பா. உள்ளே உணவகங்களும் மரச்சாமான் கடைகளும் வந்துவிட்டன. படையின் மூன்று டன் லாரியில் நீங்கள் ஏறும்போது தாத்தா திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார் என்று நீங்கள் சொன்னதுண்டு. எந்தத் திருப்பத்தில் என்று எனக்குக் காட்டுங்கள். அதற்காகவே சீக்கிரம் கிளம்பலாம்.

ஆனால் உங்களைக் கூட்டிப்போக நினைத்ததற்கு முதல் காரணம் நெருப்பு.

உள்ளே நீளமாக ஒரு கவுன்டர் இருக்கும். அந்தப் பக்கம் சமையலறை, நடுவில் மறைப்பு கிடையாது. நான்கு டன் எடையில் ஓர் அடுப்பு, அதற்கு இரண்டு வாய். விறகு அதற்குள் எரிகிறது. சமையலில் பெரும்பகுதி கொழுந்துவிட்டு எரியும் தீயில் நடப்பதில்லை. விறகு எரிந்து அடங்கிக் கங்காகும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு கங்குகளை வாரிக்கொண்டுவந்து கம்பித் தட்டுகளுக்கு அடியில் பரப்புகிறார்கள். அந்தத் தட்டுகள் ஒரே உயரத்தில் நிற்பவை அல்ல. பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. சுற்றினால் தட்டு மேலே ஏறும், திருப்பிச் சுற்றினால் நெருப்புக்கு அருகில் இறங்கும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வேறு விசை கிடையாது. உயரத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கங்கைக் கூட்டிக் குவிக்க வேண்டும், கலைக்க வேண்டும்.

என் எதிரில் நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கம்பித் தட்டுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு சக்கரத்தைக் கால் சுற்று மட்டும் திருப்பினான். கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழுந்ததும் பதறவில்லை. இடது கையால் தட்டை உயர்த்தினான், வலது கையில் இருந்த இடுக்கியால் இரண்டு கங்குகளை ஓரத்துக்குத் தள்ளினான், தீ அடங்கியதும் பழைய உயரத்துக்கே இறக்கினான். எல்லாம் நாலைந்து விநாடிகள்தான். அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. செம்பவாங் ஷிப்யார்டில் வெல்டிங் வேலை பார்த்தவர் நீங்கள். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வீர்கள். மங்கிய சிவப்பு என்றால் 700 டிகிரி பக்கம், ஆரஞ்சுக்குப் போனால் 900-ஐத் தாண்டிவிட்டது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அந்தக் கங்குகளிலும் அதே நிறங்களைப் பார்க்கலாம். மேலே வெள்ளைச் சாம்பல் படிந்துவிட்டால் சூடு மட்டுப்படும், மெதுவாக வேக வேண்டியதை அங்கே வைப்பார்கள். நீறு பூத்த நெருப்பைச் சும்மா கிடக்கிறது என்று நினைக்காத ஆட்கள் அவர்கள். கவுன்டரில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் இதையெல்லாம் வேடிக்கைதான் பார்த்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் வெல்டிங்கைக்கூட விட்டுவைத்திருக்க மாட்டீர்கள்.

விறகுதான் வேண்டும், கடையில் வாங்கும் கரி போதாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. விறகில் லிக்னின் என்றொரு பொருள் உண்டு. அது சூட்டில் உடையும்போதுதான் நாம் புகைமணம் என்று சொல்கிற வாசனை பிறக்கிறது. மூட்டையில் வரும் கரி ஏற்கெனவே ஒருமுறை வெந்து அந்த வாசனையில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அங்கேயே விறகை எரித்து எடுக்கும் கங்கில் அது கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதோடு கொழுப்பு கங்கில் சொட்டி, ஆவியாகி எழுந்து, திரும்பவும் மேலே வேகிற பண்டத்தின்மீதே படிகிறது. அடுப்பில் வைத்த சட்டியில் இது நடக்காது.

இந்த வித்தையை அவர்கள் எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதும் உங்களுக்குப் பிடிக்கும். தலைமைச் சமையல்காரர் டேவ் பின்ட் ஆஸ்திரேலியாவின் பெர்த்காரர். ஸ்பெயினில் பாஸ்க் மலைப்பகுதியில் ஆக்ஸ்பே என்ற சின்ன ஊரில் எட்செபாரி என்றொரு உணவகம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர். அதை 1990-ல் தொடங்கியவர் விக்டர் ஆர்கின்சோனிஸ். ஏற்றி இறக்கும் கம்பித் தட்டுகளைத் தன் கைக்கு ஏற்றபடி தானே வடிவமைத்துக்கொண்டவர். ஓக் மரத்தையும் திராட்சைக் கொடியையும் எரித்துத் தன் கங்கைத் தானே தயாரிக்கிறார். தீயில் வாட்டவே முடியாது என்று எல்லோரும் நினைத்திருந்த குட்டி விலாங்கு மீன்களுக்குக்கூட நுண்ணிய துளை போட்ட தனிச் சட்டி செய்தார். உலகம் முழுக்க விறகு நெருப்பில் சமைக்கும் இளம் சமையல்காரர்கள் பலர் அவரைத்தான் குரு மாதிரி நினைக்கிறார்கள். வேண்டிய கருவி கடையில் இல்லையென்றால் பட்டறையில் தானே செய்துகொள்ளும் ஆள். உங்கள் ஜாதி அவர்.

"இதெல்லாம் புதுசா வந்த ஃபேஷன்" என்றீர்கள். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இறைச்சியைக் குச்சியில் கோத்து நெருப்பில் வாட்டித் தருவார்களே, எஸ்பிளனேட் பக்கம் இருந்த அந்தச் சாத்தே கிளப்பை மறந்துவிட்டீர்களா? 1995-ல் மூடும்வரை சம்பள நாளில் அண்ணன் தம்பி எல்லோருமாகப் போவீர்கள் என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நெருப்புக்கு எதிரில் உட்கார்ந்து, விசிறி வீசுகிற ஆளைப் பார்த்துக்கொண்டே, நடுவில் வைத்த ஒரே தட்டிலிருந்து ஆளுக்கு ஆள் எடுத்துச் சாப்பிட்டு, கடைசியில் குச்சியை எண்ணிக் காசு கொடுத்தவர்கள் நீங்கள். சுற்றிலும் சந்தை இரைச்சல். அதையெல்லாம் இருபது வயதில் செய்துவிட்டு, இப்போது இது உங்களுக்கு ஆகாது என்றால் எப்படி?

சத்தத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது சரியான கவலை. அங்கே பாட்டைக் காதுக்கு இதமாக மெல்ல வைக்க மாட்டார்கள். பாட்டு, இரும்புச் சத்தம், சமையல்காரர்கள் ஒருவருக்கொருவர் கூவுவது எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தின் உற்சாகம். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் ஷிப்யார்டில் அத்தனை வருடம் இருந்த காது உங்களுடையது. அப்படிப்பட்ட காதில் கீச்சென்ற உச்சஸ்தாயி ஓசைகள்தான் முதலில் போகும். தனியாகப் பேசினால் புரியும், கூட்டத்தில் பேச்சு பிரியாது. கல்யாண வீடுகளில் நீங்கள் சிரித்துத் தலையாட்டிவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவது அதனால்தான் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் வட்ட மேசை வேண்டாம். கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம், உங்கள் நல்ல காதுப் பக்கம் நான். முகத்துக்கு எதிரே கத்த வேண்டியதில்லை, தோளோடு தோள் சாய்ந்து பேசலாம். கூட்டம் சேரும் முன்பே போவோம். இன்னொன்று, அங்கே நீங்கள் எவ்வளவு உரக்கப் பேசினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சித்தி "மெதுவா பேசுங்க" என்று உங்கள் கையைத் தட்ட வேண்டிய அவசியமே வராது.

எச்சில் சங்கடமும் வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கரண்டி கேட்டு வாங்கிவிடலாம், சித்தியிடம் சொல்லுங்கள். நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. பொதுத் தட்டு வந்தால் "நீங்க எடுத்துக்குங்க" என்று தள்ளிவிட்டு, ஓரத்தில் ஒட்டியிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள். இந்த முறை அது நடக்காது. நாலு பேர் என்று முதலிலேயே சொன்னால், எது எத்தனை துண்டு வரும் என்று பரிமாறுபவர்கள் சொல்வார்கள். அதற்கேற்றபடி கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாது, மொத்தமாக வந்து குவிந்து ஆறிப்போகும். இரண்டு இரண்டாகச் சொல்லிச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும்.

மாட்டிறைச்சி நிறைய இருக்கும், அதை விட்டுவிடலாம். நமக்கு வேண்டியதும் இருக்கிறது. புகையில் வாட்டிய காடை முட்டை ஒரே வாய்தான், ஆளுக்கு ஒன்று சொல்லிவிடுவேன். லீக்ஸ் என்று வெங்காயத் தாளைவிடத் தடிமனான ஒரு தண்டு. மேல்தோல் கருகும்வரை தீயில் விட்டு, கருகலை உரித்துவிட்டு, உள்ளே வெண்ணெயாகக் குழைந்த பகுதியைத் தருகிறார்கள். பழுப்பாகும்வரை காய்ச்சிய வெண்ணெயும் ஹேசல்நட்டும் மேலே. அந்த வாசனை ஆச்சி நெய் காய்ச்சி இறக்கும்போது அடியில் படிந்திருக்குமே, அதேதான். மூக்கருகே கொண்டுபோனதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். பன்றி இறைச்சியைப் பிய்த்துப் பஞ்சு போன்ற பன்னில் வைத்துத் தருவது அவர்களுடைய பிரசித்தமான பண்டம். தம்பி அதை யாரோடும் பகிர மாட்டான், அவனுக்குத் தனியாக ஒன்று சொல்லிவிடுவோம். அவர்களுக்கு ரொட்டிக் கடையும் இருக்கிறது. வீட்டுக்குச் சித்தி எதையாவது வாங்காமல் வர மாட்டார்.

விலை அதிகம்தான், மறைக்கவில்லை. வாராவாரம் போகிற இடம் கிடையாது. ஆனால் ஓவர்டைம் செய்து என் பாலிடெக்னிக் கட்டணத்தைக் கட்டியவர் நீங்கள். எத்தனை வெள்ளி ஆயிற்று என்று அன்றைக்கு நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. இன்றைக்கு நானும் சொல்லப்போவதில்லை. பில் உங்கள் பக்கம் வராதபடி பார்த்துக்கொள்கிறேன்.

கவுன்டர் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமையா, மூன்றாவதா என்று சித்தியைக் கேட்டு இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு உங்கள் புளோக்குக்குக் கீழே காரோடு நிற்கிறேன். பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கவுன்டரில் அனல் அடிக்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்