என் மகன் பையை அவனே தூக்கட்டும்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நுழைவாயில் கூடத்தில் மாட்டியிருக்கும் நற்செயல் பலகையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நேரில் சொன்னபோது ‘பார்க்கலாம்மா’ என்றீர்கள். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் நடந்ததற்குப் பிறகு மறுபடியும் உங்கள் அறை வாசலில் காத்திருக்க மனம் வரவில்லை. அதனால் மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

திட்டம் உங்களுடையது, அதை நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தாங்கள் செய்த நற்செயலை எழுத ஒரு குறிப்பேடு, அதில் ‘என்ன செய்தேன்’ என்று ஒரு கட்டம், ‘யாருக்குச் செய்தேன்’ என்று ஒரு கட்டம், ஆசிரியர் கையெழுத்து, வாரக் கடைசியில் பலகையில் தங்க நட்சத்திரம். அதிக நட்சத்திரம் வாங்கிய பிள்ளை மேடையேறித் தன் குறிப்பேட்டை எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். போன வெள்ளிக்கிழமை அப்படிப் படிக்கப்பட்ட குறிப்பேட்டில் ‘யாருக்குச் செய்தேன்’ கட்டத்தில் என் மகனின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ‘நடக்க முடியாத’ என்ற அடைமொழியோடு வந்தது. கூடம் கைதட்டியது. அந்தக் கூடத்தில்தான் அவனும் உட்கார்ந்திருந்தான்.

என் மகன் நடப்பான். இடது காலில் காலிப்பர் என்ற தாங்கு கருவியைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களைவிட மெதுவாக, நன்றாகவே நடப்பான். இதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். சேர்க்கையின்போது மருத்துவச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள்.

மேடையில் படித்த பிள்ளைமேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. கட்டத்தை நிரப்பு என்று சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளை நிரப்பத்தான் செய்யும். கட்டம் போட்டது யார் என்பதுதான் என் கேள்வி.

வெள்ளிக்கிழமை காலையில் குறிப்பேடுகளை வாங்குகிறீர்கள். அதனால் வியாழக்கிழமை மாலை என்ன நடக்கிறது என்று எப்போதாவது மாடிப்படி அருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? மணி அடித்ததும் என் மகனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். வாரம் முழுக்க வெற்றாகக் கிடந்த கட்டத்தை நிரப்ப அவனைவிட வசதியான ஆள் யார் இருக்கிறார்கள்? பையின் ஒரு வார் ஒரு பிள்ளை கையில், இன்னொரு வார் இன்னொரு பிள்ளை கையில், நடுவில் இவன். ‘நான்தான் முதல்ல பிடிச்சேன்’ என்று சண்டை வேறு.

அவன் படி இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வலது கையால் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, காலிப்பர் போட்ட காலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அது நிலைத்தபின் மற்றக் காலை இறக்குவான். பை முதுகோடு ஒட்டி இருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பிசியோதெரபிஸ்ட் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்து, அழுது அழுது கற்றுக்கொண்டது அது. உதவ வரும் பிள்ளை முதலில் செய்வது, அந்தக் கம்பியிலிருந்து அவன் கையைப் பிரித்துத் தன் கையில் வைத்துக்கொள்வது. இன்னொரு பிள்ளை பின்னாலிருந்து பையை உருவும். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் அவன் விழுவான். விழுந்தும் இருக்கிறான். முட்டியில் சிராய்ப்போடு வந்தவனிடம் ‘வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே’ என்று கேட்டேன். சொன்னானாம். ‘சும்மா இருடா, நான் எழுதணும்’ என்று பதில் வந்ததாம்.

இப்போது அவன் கேட்பது ஒன்றுதான்: ‘அம்மா, வியாழக்கிழமை மட்டும் லீவு போட்டுக்கவா?’

அவன் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் நட்சத்திரம் ஒட்டிவிடுவீர்கள். இடைவேளை முடிந்து எல்லோரும் ஓடும்போது அவன் மட்டும் என் மகனின் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்வான். பையைத் தொட மாட்டான், கையைப் பிடிக்க மாட்டான். டைனோசர்களைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே கூட வருவான். அவன் குறிப்பேட்டில் ஒருமுறை ‘கூட நடந்தேன்’ என்று எழுதினானாம். ‘இதில் என்ன உதவி இருக்கிறது?’ என்று கேட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்களாம். அதே வாரம் இருவரும் வகுப்புக்குத் தாமதமாக வந்தார்கள். என் மகனுக்கு விலக்கு உண்டு, விட்டுவிட்டார்கள். அந்தப் பையனின் டைரியில் மட்டும் சிவப்பு மையில் ‘தாமதம்’. என் மகனுக்கு உங்கள் பள்ளியில் கிடைக்கும் உருப்படியான ஒரே அன்பு, உங்கள் ஆவணங்களில் குற்றமாகப் பதிவாகியிருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் ‘இது ஆராய்ச்சியின் அடிப்படையில் ஆன திட்டம்’ என்றீர்கள். சரி, ஆராய்ச்சியையே பேசுவோம். கால் வலியால் அவன் தூங்காத இரவுகளில் எனக்கும் படிக்க நேரம் கிடைக்கிறது.

2006-இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 18 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். துணி காயப்போடும் ஒருவர் கையிலிருந்து க்ளிப் கீழே விழுகிறது, எட்டி எடுக்கப் பார்க்கிறார், எட்டவில்லை. சரியாகப் பேசக்கூட வராத அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் யாரும் கேட்காமலே ஏதாவது ஒரு தருணத்தில் உதவினார்கள். அவரே வேண்டுமென்று கீழே எறிந்தபோது அப்படி ஓடி எடுத்துத் தரவில்லை. தேவை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்த வயதிலேயே தெரிகிறது, பாருங்கள். நம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதை மறந்துவிட்டார்களா, அல்லது நாம் மறக்கடித்தோமா?

அதே இருவர் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் வேறு ஒன்றைப் பார்த்தார்கள். உதவிய சில குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுப் பொருளைப் பரிசாகக் கொடுத்தார்கள், சிலரை வாயால் பாராட்டினார்கள், சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை. அப்புறம் மறுபடி உதவி தேவைப்பட்டபோது குறைவாக உதவியவர்கள் யார் தெரியுமா? பரிசு வாங்கியவர்கள்தான். மற்ற இரண்டு குழுவும் உதவிக்கொண்டே இருந்தன. இதற்கும் முன்பு, 1973-இலேயே, மார்க் லெப்பரும் உடனிருந்தவர்களும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று சொல்லிவிட்டுத் தந்தார்கள். தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ், உங்கள் நட்சத்திரத்துக்கு அண்ணன் முறை. சில நாள் கழித்துப் பார்த்தால், எதிர்பார்த்துப் பரிசு வாங்கிய அந்தக் குழந்தைகள்தான் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவதைக் குறைத்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2012-இல் வந்த ஆய்வு. ராபர்ட் ஹெபாக் என்பவர் தன் குழுவோடு இரண்டு வயதுக் குழந்தைகளின் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்; மனம் பதறினால் கண்மணி விரியும். ஒருவர் உதவி கிடைக்காமல் திண்டாடும்போது கண்மணி விரிந்தே இருந்தது. குழந்தை தானே போய் உதவினாலும் சரி, வேறொருவர் உதவுவதை உட்கார்ந்து பார்த்தாலும் சரி, இரண்டிலும் ஒரே அளவுக்குத் தணிந்தது. அதாவது அந்தக் குழந்தைக்கு வேண்டியது அவருடைய சிரமம் தீர்வதுதான், தீர்த்துவைத்தது நான் என்ற பெயர் இல்லை. உங்கள் பலகை என்ன கேட்கிறது? பெயரை மட்டும்தான் கேட்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். நற்செயல் செய்யச் சொல்லிப் பிள்ளைகளைத் தூண்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2012-இலேயே கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நற்செயல் செய்யச் சொன்னார்கள். வேறு சில பிள்ளைகளிடம் தங்களுக்குப் பிடித்த மூன்று இடங்களுக்குப் போய்வரச் சொன்னார்கள். இரு தரப்பும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தன, ஆனால் நற்செயல் செய்த பிள்ளைகளோடு சேர வகுப்புத் தோழர்கள் கூடுதலாக விரும்பினார்கள். ஆகவே குறிப்பேடு இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளை எழுதட்டும், வகுப்பாசிரியர் மட்டும் படித்துப் பார்த்து இரண்டு வார்த்தை பேசட்டும். பெயர் கேட்கும் அந்தக் கட்டம் வேண்டாம். மேடை வேண்டாம். பலகை வேண்டவே வேண்டாம்.

பலகைகளைப் பற்றிச் சொன்னால் நிறையச் சொல்ல வேண்டும். அழகான கையெழுத்துக்கு ஒரு பலகை, புத்தகம் படித்ததற்கு ஒரு பலகை, தண்ணீர் குடித்ததற்குக்கூட ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் தன்னடக்கப் போட்டி வைத்து, முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் படத்தை ஆளுயரத்தில் வாசலில் வைப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றுதான் நம் பாட்டிகள் சொன்னார்கள். இங்கே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால்தான் கையெழுத்து. பிள்ளைகளுக்காகவா இதெல்லாம், அல்லது பள்ளியைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் நுழைந்ததும் எதையாவது பார்க்க வேண்டும் என்பதற்காகவா? விளம்பரக் கையேட்டின் அட்டையில் அந்தப் பலகைதான் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் என் மகனின் காலிப்பரும் தெரிகிறது. அனுமதி கேட்டீர்களா என்று இப்போது கேட்கவில்லை, அதற்குத் தனியாக எழுதுவேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததற்கு வருகிறேன்.

உண்மையிலேயே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று நினைத்தால், முதலில் அதற்கு நேரம் கொடுங்கள். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவசரமில்லை என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்று ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேர் பேசப் போனதே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனைப் பற்றிய பைபிள் கதையைப் பற்றித்தான். இறையியல் படித்தவர்களுக்கே இந்தக் கதி. இடைவேளை முடிந்து இரண்டு நிமிடத்தில் வகுப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு மை என்றால், விழுந்த பிள்ளையைத் தூக்க எந்தப் பிள்ளை நிற்கும்? அந்த இரண்டு நிமிடத்தை ஐந்தாக்குங்கள். அந்தப் பையனின் டைரியில் இருக்கும் ‘தாமதம்’ என்பதை அடித்துவிடுங்கள். செலவில்லாத வேலை.

இரண்டாவது, ‘உனக்கு உதவி வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டுச் செய்யப் பழக்குங்கள். ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால் கோபித்துக்கொள்ளாமல் விலகப் பழக்குங்கள். நீங்கள் ஆண்டு முழுக்க நடத்தும் நன்னெறி வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் குறிப்பேடுகளில் என் மகன் எப்போதும் இரண்டாவது கட்டத்திலேயே இருக்கிறான். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். பின்னங்கள் புரியாமல் விழிக்கும் பிள்ளைகளுக்குத் தன் பாணியில் கோடு போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுப்பான். அவனிடம் ஓர் உதவி கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டுப் பாருங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

எனவே தயவுகூர்ந்து கேட்டுக்கொள்கிறேன்: பலகையை எடுத்துவிடுங்கள். ‘யாருக்குச் செய்தேன்’ கட்டத்தை நீக்குங்கள். எந்தப் பிள்ளை பெற்ற உதவியையும் மேடையில் படிக்க வைக்காதீர்கள். இதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்றால், அடுத்த கூட்டத்தில் பேச எனக்கு நேரம் ஒதுக்குங்கள், வந்து சொல்கிறேன். அதுவரை மாடிப்படி அருகே மாலை மணி அடிக்கும்போது ஓர் ஆசிரியரை நிறுத்திவையுங்கள். அவர் என் மகனைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பிடிக்க வருகிறவர்களை நிறுத்தினால் போதும்.

ஏற்கெனவே வாங்கி அலுவலக அலமாரியில் வைத்திருக்கும் குறிப்பேடுகளைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் என் மகனின் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கும் அந்த இரண்டு சொற்களை, கையெழுத்துப் போட்ட ஆசிரியர்களே அடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்